மறு: ஸ்டால் என்பதற்குத் தமிழ்ச்சொல் – "பிடிவிடல்" பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

ரேடியோவால் இயக்கும் பெரிய போர் விமான மாதிரிகளுக்கான நம் சொற்பட்டியலில் இன்னும் முடிவாகாமல் நிற்பது ஸ்டால், அதாவது பறக்கும்போது இறக்கையின் தாங்கும் விசை சட்டென்று குறைவது. இதுவரை வந்த இரண்டு பரிந்துரைகளையும் பார்த்துவிட்டு, வேறொரு சொல்லை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். இந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டவர் கையில் பல மாத உழைப்பு சில நொடிகளில் நொறுங்கிவிடும்.

> "நின்றுபோதல்" போதுமே. வண்டி ஸ்டால் ஆனால் நின்றுபோச்சு என்றுதானே சொல்கிறோம்?

வண்டிக்குச் சரி. விமானத்தில் எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஸ்டால் வரும். எஞ்சின் அணைந்த விமானம் ஸ்டால் ஆகாமல் அழகாகச் சறுக்கி வந்து இறங்கவும் செய்யும். "நின்றுபோதல்" என்று படித்த புதியவர் எஞ்சினைத்தான் நினைப்பார். கோளாறு நடப்பது இறக்கையில்.

> உயர்த்துவிசை இழப்பு – பாடநூல்களுக்கு ஏற்ற சொல்.

பொருள் நெருங்கி வருகிறது, ஆனால் முழுக்கச் சரியில்லை. ஸ்டாலில் உயர்த்துவிசை மொத்தமாகப் போய்விடுவதில்லை, சட்டென்று குறைகிறது. அதோடு, இது விளைவின் பெயர். காரணம் வேறு: இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையிலான கோணம் ஒரு எல்லையைத் தாண்டும்போது, மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்து கலைந்துவிடுகிறது. பெரும்பாலான இறக்கைகளுக்கு அந்த எல்லை 15 பாகையை ஒட்டி இருக்கும். இன்னொன்று, களத்தில் பக்கத்தில் நிற்பவருக்குக் கத்திச் சொல்ல வேண்டிய வார்த்தை இது. "உயர்த்துவிசை இழப்பு ஏற்படுகிறது" என்று சொல்லி முடிப்பதற்குள் விமானம் தரையில் கிடக்கும்.

என் பரிந்துரை: பிடிவிடல்.

மழையில் டயர் ரோட்டுப் பிடியை விடுகிறது என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இறக்கையும் காற்றின் மேல் உள்ள பிடியை விடுகிறது. வினையாகவும் நன்றாக வருகிறது: "இறக்கை பிடிவிட்டது", "பிடிவிடப் போகிறது, மூக்கை இறக்கு". கிளைச்சொற்களும் தானாக அமைகின்றன: பிடிவிடு கோணம், பிடிவிடு வேகம், நுனிப் பிடிவிடல் (இறக்கையின் நுனி முதலில் பிடிவிடுவது).

இந்தக் கடைசிச் சொல்தான் நம் ஆட்களுக்கு மிக முக்கியம். இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் ஐந்தில் ஒரு பங்கு மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அசலின் இறக்கை நீளம் 11.23 மீட்டர், மாதிரியில் ஏறக்குறைய 2.25 மீட்டர். இறக்கைப் பரப்பு 0.9 சதுர மீட்டர் வரும். எடை 12 கிலோவில் நின்றால், ஃப்ளாப் (மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடல்) இறக்காமல் பிடிவிடு வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். இது நேராகப் பறக்கும்போது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்த்துத் திருப்பினால் இறக்கை இரண்டு மடங்கு சுமை தாங்க வேண்டும்; பிடிவிடு வேகம் 70க்கு ஏறிவிடும்.

பெரிய மாதிரிகள் விழும் இடமும் அதுதான், இறங்கப் போகும் கடைசித் திருப்பம். பின்காற்றில் வரும்போது தரையில் நிற்பவர் கண்ணுக்கு விமானம் வேகமாகத் தெரியும், த்ராட்டிலைக் குறைப்பார். திருப்பம் அகலமாகப் போகிறதே என்று எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) இழுப்பார். உள்பக்க நுனி பிடிவிடும், இறக்கை தொபுக்கென்று விழும். அதைத் தூக்க எதிர்ப்பக்கம் ஏலரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) கொடுத்தால், விழுந்த பக்கத்து ஏலரான் கீழே இறங்கி நுனியின் கோணத்தை இன்னும் கூட்டும். பிடி முழுக்கப் போய்விடும். எலிவேட்டரை விட்டு, மூக்கைத் தாழ்த்தி, ரட்டரால் (மூக்கை இடவலம் திருப்பும் வால் மடல்) சுழற்சியைத் தடுக்க வேண்டும். ஆனால் அந்த உயரத்தில் அதற்கு இடம் இருப்பதில்லை.

அசல் ஸ்பிட்ஃபயரில் அதன் வடிவமைப்பாளர் மிட்செலின் குழு இதை முன்பே யோசித்திருந்தது. இறக்கையை முறுக்கி, அடியில் (உடலோடு சேரும் இடத்தில்) +2 பாகையும் நுனியில் -½ பாகையுமாக வைத்தார்கள். அடிப்பகுதி முதலில் பிடிவிடும், விமானம் அதிர்ந்து விமானிக்கு எச்சரிக்கை கொடுக்கும், நுனியும் ஏலரானும் அதுவரை வேலை செய்யும். இந்த முறுக்குக்கு (பட்டியலில் வாஷ்அவுட் என்றே கிடக்கிறது) "நுனித்தணிவு" என்று வைக்கலாம். காற்று நம் விமானத்தோடு சேர்ந்து ஐந்தில் ஒன்றாகச் சுருங்காது. ஒடுங்கிய நுனியில் காற்றோட்டம் அசலைவிட முன்னதாகவே பிரியும். அதனால் மாதிரிக்கு நுனித்தணிவு இன்னும் அவசியம்.

கட்டும்போது இது கண்ணுக்கே தெரியும் அளவுதான். நுனி அகலம் 20 சென்டிமீட்டர் என்றால் 2 பாகை தணிவுக்குப் பின்விளிம்பு 7 மில்லிமீட்டர் உயர வேண்டும். பலகை மேல் ரிப்புகளை (இறக்கையின் குறுக்குச் சட்டங்கள்) ஊசி குத்தி நிறுத்தும்போதே நுனிப் பின்விளிம்புக்கு அடியில் 7 மில்லிமீட்டர் பால்சா மர ஆப்பு வைத்து, மேல்தோல் ஒட்டிப் பசை இறுகும்வரை எடுக்காமல் விட வேண்டும். தோல் ஒட்டியபின் முறுக்கு மாறாது. இடதும் வலதும் ஒரே அளவாக இருக்கிறதா என்று கோணமானி வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், தணிவு குறைந்த பக்கம்தான் பெரும்பாலும் முதலில் பிடிவிடும்.

ஒரு மறுப்பு வரலாம்: பிடிவிடல் என்றால் ரேடியோ தொடர்பு அறுந்துபோனது என்று நினைக்க மாட்டார்களா? நம் பட்டியலில் அதற்குத் "தொடர்பறுதல்" இருக்கிறது, பழக்கத்திலும் வந்துவிட்டது. குழப்பம் வராது என்பது என் எண்ணம். எழுத்தில் தேவைப்படும் இடத்தில் "இறக்கை பிடிவிடல்" என்று முழுதாக எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம், நுனி பிடிவிட்டபின் விமானம் சுழன்றபடி விழுகிறதே, அந்த ஸ்பின்னுக்குச் "சுழல்வீழ்ச்சி" என்று எழுதிவருகிறேன். வினைச்சொல்லாக்கும்போது அது நீண்டுவிடுகிறது. அதைவிடச் சின்னதாக ஒன்று யாரிடமாவது இருந்தால் இதே இழையில் போடுங்கள். இரண்டையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.