இடிமின்னலுக்குப் பின் கணினியை மீட்பது எப்படி?

கேள்வி (ஹட்டன்): சென்ற ஐப்பசியில் விழுந்த இடியில் எங்கள் கணினியின் வன்தட்டு எரிந்து, தங்கையின் உயர்தரப் பாடக்குறிப்புகளும் தாத்தாவின் படங்களும் அழிந்துவிட்டன. புதிய வன்தட்டில் எதை எங்கே வைத்தால் ஒரே நாளில் மீட்கலாம்?

பதில் (பண்டாரவளை): வன்தட்டை இரு பகுதிகளாகப் பிரித்து, விண்டோஸைச் 'சி' பகுதியிலும் உங்கள் கோப்புகளை 'டி' பகுதியிலும் வைத்தால், விண்டோஸ் பழுதடையும்போது கோப்புகளைத் தொடாமலே அதனை மீள நிறுவலாம். ஆனால் தட்டே எரிந்தால் இரண்டும் போய்விடும் என்பதால், இதனைக் காப்புப்பிரதி என்று எண்ணிவிடாதீர்கள். வாரம் ஒருமுறை வெளி வன்தட்டில் பிரதியெடுத்து, உடனே கழற்றி வையுங்கள். செருகியபடியே விட்டால் அடுத்த மின்னல் அதையும் கொண்டுபோகும். படங்களுக்கு மட்டுமாவது வேறொரு வீட்டில், உறவினரிடம், இன்னொரு பிரதி இருக்கட்டும்.

பதில் (நானுஓயா): 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் விண்டோஸ் நிறுவியை இப்போதே ஆயத்தமாக வைத்திருங்கள். வெளி வன்தட்டு ஃபேட்32 (FAT32) என்ற பழைய கோப்புச் சேமிப்பு அமைப்பில் இருந்தால் 4 ஜிபியை மீறிய கோப்பு அதில் ஏறாது; வெறுமையாக இருக்கும்போதே அந்த வரம்பில்லாத என்டிஎஃப்எஸ் (NTFS) அமைப்புக்கு மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. மழைக்காலத்தில் எங்கள் அலுமாரியில் உடுப்புகளிலேயே பூஞ்சணம் பிடிக்கிறதே, வன்தட்டை எங்கே வைப்பது?

பதில் (நானுஓயா): சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இறுக்கமாக மூடும் பிஸ்கட் டின்னில் வையுங்கள், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.