ஒரு சி வாங்கியதற்குப் புரபேஷனா? ஜிபிஏ 2.80, வழி சொல்லுங்கள்

அரியர்வைக்காதவன்:

வணக்கம். அமெரிக்காவில் எம்எஸ் சேர்ந்து ஒரு செமஸ்டர் முடிந்திருக்கிறது. போன வாரம் கிராஜுவேட் ஸ்கூலிலிருந்து ஒரு மெயில். ஜிபிஏ (4.0-க்கு எடுக்கும் கிரேடு சராசரி) 3.0-க்குக் கீழே இருப்பதால் என்னை "அகாடமிக் புரபேஷன்", அதாவது எச்சரிக்கை நிலையில் வைத்திருக்கிறார்களாம். நான் எதிலும் ஃபெயில் ஆகவில்லை. அதுதான் புரியவில்லை.

அல்காரிதம்ஸ் ஏ மைனஸ், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பி மைனஸ், ப்ராபபிலிட்டி சி. மூன்றும் தலா 3 கிரெடிட். இது போக ஒரு கிரெடிட் செமினார், அதில் எஸ், அதாவது வெறும் பாஸ். நான் போட்ட கணக்கில் 2.92 வருகிறது. போர்ட்டலில் 2.80 என்று இருக்கிறது. இதில் யார் தப்பு?

சி வந்த பாடத்தில் என் மொத்த மார்க் 72.5. நம்மூரில் இது முதல் வகுப்பு. பிஇ நான்கு வருஷத்தில் ஒரு அரியர்கூட வைத்ததில்லை. இண்டர்னல்ஸை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலேஜ், கடைசி இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தால் போதும். இங்கேயும் அப்படித்தான் படித்தேன். எட்டு ஹோம்வொர்க்கில் இரண்டைக் கொடுக்கவே இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த செமஸ்டரில் எவ்வளவு எடுத்தால் இதிலிருந்து வெளியே வரலாம்? அந்த சி-யை மறுபடி எழுதி க்ளியர் பண்ண முடியுமா? தாங்காது என்று தோன்றினால் நடுவில் ஒரு பாடத்தை ட்ராப் பண்ணலாமா? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி, சிரிக்காதீர்கள். இவர்கள் வீட்டுக்கு லெட்டர் போடுவார்களா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பழைய_டிஏ:

தம்பி, போர்ட்டல் சரி, நீங்கள்தான் தப்பு. எஸ் என்பதை 4.0 என்று எடுத்துக்கொண்டு 10 கிரெடிட்டால் வகுத்திருக்கிறீர்கள். எஸ் (பாஸ்), யு (ஃபெயில்) எல்லாம் ஜிபிஏ கணக்குக்குள் வராது. எழுத்து கிரேடு வந்த 9 கிரெடிட் மட்டும்தான். ஏ மைனஸுக்கு 3.7, பி மைனஸுக்கு 2.7, சி-க்கு 2.0, கூட்டினால் 8.4. மூன்றால் வகுத்தால் 2.80.

இனி நீங்கள் செய்ய வேண்டிய கணக்கு. அடுத்த செமஸ்டரில் இன்னொரு 9 கிரெடிட் என்றால் மொத்தம் 18. 3.0 வர 54 பாயிண்ட் (கிரேடு மதிப்பைக் கிரெடிட்டால் பெருக்கியது) வேண்டும். கையில் இருப்பது 25.2, பாக்கி 28.8. அதாவது அந்த செமஸ்டரில் மட்டும் 3.2. பி பிளஸ் (3.3), பி பிளஸ், பி (3.0) வாங்கினால் மிகச் சரியாக 3.00 வரும், ஒரு புள்ளி கூடாமல் குறையாமல். அதை நம்பி உட்காராதீர்கள். பல இடங்களில் 2.99-ஐ மேலே தூக்கிவிட மாட்டார்கள்.

ஒரு பாடத்துக்குப் பதில் 3 கிரெடிட் ரிசர்ச் எடுக்கலாம் என்று தோன்றும். அதற்கும் பெரும்பாலும் எஸ்/யுதான். அப்போது மிச்சமுள்ள இரண்டு பாடத்திலும் பி பிளஸ் வந்தாக வேண்டும். ஒரே ஒரு பாடம்தான் எழுத்து கிரேடு என்றால் அதில் ஏ மைனஸ். பாரத்தைக் குறைத்தால் ஜிபிஏ சுலபமாக ஏறும் என்று நினைப்பது இங்கே தலைகீழ்.

சி விஷயத்துக்கு வருகிறேன். இது அரியர் இல்லை. அரியரை எழுதி பாஸ் பண்ணிவிட்டால் அதோடு தீர்ந்தது. இங்கே சி வாங்கினால் அது டிரான்ஸ்கிரிப்டில் அப்படியே இருக்கும். திரும்ப எடுத்தால் சில பல்கலைக்கழகங்கள் புதிய கிரேடை மட்டும் கணக்கில் எடுக்கும், சில இரண்டையும் சேர்க்கும். இரண்டையும் சேர்த்தால் சி-யும் ஏ-வும் சேர்ந்து சராசரி பி, அதற்கு இன்னொரு 3 கிரெடிட் ஃபீஸ். உங்கள் துறையில் ப்ராபபிலிட்டி கட்டாயப் பாடமா, அதற்குக் குறைந்தபட்ச கிரேடு உண்டா என்று ஹேண்ட்புக்கில் பாருங்கள். சில இடங்களில் சி ஜிபிஏவை இறக்கும், ஆனால் டிகிரிக்கு எண்ணிக்கையில் வராது. இரண்டு பக்கமும் அடி.

நான் இரண்டு வருஷம் டிஏவாக (டீச்சிங் அசிஸ்டன்ட், ப்ரொஃபசருக்கு உதவியாளர்) பேப்பர் திருத்தியவன். நீங்கள் சொன்ன 72.5-ஐப் பார்த்ததும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஹோம்வொர்க்குக்கு எத்தனை சதவீதம்? 30 என்றால், எட்டில் இரண்டு பூஜ்ஜியம் என்பது 7.5 மார்க். அந்த இரண்டையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் 80. பல சிலபஸ்களில் 80 பி மைனஸ். சி-க்குப் பதில் பி மைனஸ் என்றாலும் ஜிபிஏ 3.03, உங்களுக்கு இந்த மெயிலே வந்திருக்காது. பரீட்சையில் நீங்கள் மோசமில்லை. செப்டம்பரில் தூங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. ப்ரொஃபசரிடம் போய் "கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்" என்று நிற்காதீர்கள். கூட்டலில் பிழை, சிலபஸில் சொன்னதற்கு மாறாக மார்க் போட்டது, இப்படி ஏதாவது இருந்தால் எழுத்தில் கேளுங்கள், அதற்கு முறை உண்டு. விசா, குடும்ப நிலைமை என்று சொல்லிக் கேட்பது அவர்களுக்குத் தர்மசங்கடம், உங்களுக்கும் பெயர் கெடும். நான் டிஏவாக இருந்தபோது ஒரு பையன் என் கேபினுக்கு வெளியே நாற்பது நிமிஷம் நின்றான். நான் என்ன செய்ய முடியும்? ஸ்ப்ரெட்ஷீட்டைக் காட்டினேன். அதில் அவன் பெயருக்கு எதிரே நாலு கட்டம் காலி.

சும்மா_சொல்றேன்:

இவ்வளவு யோசிக்காதீங்க ப்ரோ. மேனேஜ்மெண்ட் பக்கம் ஈசியான கோர்ஸ் ரெண்டு எடுங்க, ரெண்டு ஏ வந்துடும், ஜிபிஏ மேலே. நானும் அப்படித்தான் தப்பிச்சேன்.

நாலாம்வருஷம்:

மேலே சொன்னதைச் செய்வதற்கு முன் அட்வைசரிடம் கேட்டுவிடுங்கள். வேறு துறைப் பாடம் உங்கள் டிகிரி திட்டத்தில் இல்லையென்றால் அது புரபேஷன் நிலையைக் கணக்கிடும் ஜிபிஏவில் சேராமல் போகலாம். சேர்ந்தாலும் டிகிரிக்கு உதவாத பாடத்துக்குப் பணம் கட்டியதாக ஆகும். என் கூட இருந்த ஒருத்தி இதில் மாட்டினாள்.

நான் பிஎச்டி, எனக்கும் இரண்டாவது செமஸ்டரில் புரபேஷன் வந்திருக்கிறது. அதனால் ட்ராப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் எஃப்-1 (மாணவர் விசா) என்று நினைக்கிறேன். முழுநேர மாணவராக இருக்க வேண்டும், கிராஜுவேட் மாணவருக்கு அது பெரும்பாலும் 9 கிரெடிட். அதற்குக் கீழே போவதாக இருந்தால் இண்டர்நேஷனல் ஆபீஸில் இருக்கும் டிஎஸ்ஓவின் (வெளிநாட்டு மாணவர் விசா விஷயங்களைப் பார்க்கும் அதிகாரி) அனுமதியை முதலில் வாங்க வேண்டும். ட்ராப் பட்டனை அமுக்கிவிட்டுப் பிறகு போய்ச் சொன்னால் கதை வேறு. புதிய பாடமுறை பழகவில்லை, தகுதிக்கு மீறிய பாடத்தில் போட்டுவிட்டார்கள் போன்ற காரணங்களுக்குப் பாரம் குறைக்க வழி இருக்கிறது. ஒரு படிப்பு நிலைக்கு ஒருமுறைதான், அதிலும் குறைந்தது பாதிப் பாரம் எடுத்தாக வேண்டும். அதை இப்போதே செலவழிக்க வேண்டுமா என்று பாருங்கள்.

புரபேஷன் வந்ததாலேயே விசா நிலை போய்விடாது. டிஸ்மிஸ் ஆனால்தான் ஆபத்து. ஆனால் அசிஸ்டன்ட்ஷிப், ஸ்காலர்ஷிப் ஏதாவது இருந்தால் அதன் ஆஃபர் லெட்டரை எடுத்துப் படியுங்கள். "குட் ஸ்டாண்டிங்" (புரபேஷன் போன்ற சிக்கல் இல்லாத நிலை) என்ற சொல் அதில் எங்காவது இருக்கும்.

இன்கம்ப்ளீட் (பாடத்தைப் பிறகு முடிக்கத் தரும் அவகாசம்) கேட்கும் யோசனையும் வரும். கெடுவுக்குள் முடிக்காவிட்டால் பல இடங்களில் தானாக எஃப் ஆகிவிடும். புரபேஷனில் இருப்பவர் அதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

வீட்டுக்கு லெட்டர் வராது, பயப்படாதீர்கள். 1974-லிருந்து ஃபெர்பா என்று ஒரு சட்டம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் ரெக்கார்ட் மேல் உரிமை உங்களுடையது. இந்தியாவில் இருக்கும் அப்பா போன் போட்டுக் கேட்டாலும் உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டார்கள். சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

அரியர்வைக்காதவன்:

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. ஹோம்வொர்க் 30 சதவீதமேதான், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? சிலபஸை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். 80-க்கு பி மைனஸ் என்று இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஹேண்ட்புக்கும் பார்த்தேன். ப்ராபபிலிட்டி கட்டாயப் பாடம், குறைந்தது பி மைனஸ் வேண்டும். ஆக, திரும்ப எடுத்துத்தான் ஆக வேண்டும், இங்கே இரண்டு கிரேடையும் சேர்ப்பார்கள். வரும் செமஸ்டரில் அதே பாடம், கூடவே நெட்வொர்க்ஸ், டேட்டாபேஸ். மூன்று சிலபஸையும் பிரிண்ட் எடுத்து, ஹோம்வொர்க் தேதிகளை எல்லாம் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மொத்தம் 23. அட்வைசரை வியாழக்கிழமை பார்க்கிறேன். எதையும் ட்ராப் பண்ணவில்லை.

அப்பாவிடம் நேற்று நானே சொல்லிவிட்டேன். புரபேஷன் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை அரியர்?" என்று கேட்டார். அரியர் எதுவும் இல்லை என்றேன். "அப்புறம் என்ன" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.