பாலீர்ப்பா, பாலியல் நாட்டமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு நிறுவனத்தின் ஊழியர் கையேட்டைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் வயது, இனம், சமயம் எல்லாம் சிரமமில்லாமல் வந்துவிட்டன. ஒருவர் மனம் ஆணிடம் போகிறதா, பெண்ணிடம் போகிறதா என்பதைக் குறிக்கும் சொல்லில்தான் நின்றுவிட்டேன்.

முதலில் ‘பாலியல் நாட்டம்’ என்று போட்டேன். போன வாரம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு பயிற்சி வகுப்பில் வாசித்துக் காட்டியபோது பின்வரிசைத் தம்பி கேட்டார்: “அக்கா, இது அந்தத் தொல்லை கொடுக்குற கேஸா?” அவர் மேல் குற்றமில்லை. ‘பாலியல்’ என்று செய்தியில் வந்தால் அடுத்த சொல் தொல்லை, இல்லையேல் வன்கொடுமை. ‘நாட்டம்’ மீன்பிடிப்பதில்கூட இருக்கலாம். ‘பாலியல் சார்பு’ இன்னும் மோசம்: பாகுபாட்டைப் பேசும் இடத்தில் சார்பு என்றால் முதலாளியின் ஓரவஞ்சனைதான் நினைவுக்கு வரும்.

பாலீர்ப்பு என்று வைத்துக்கொள்ளலாமா? தன்பாலீர்ப்பு ஏற்கெனவே புழங்குகிறது.

மறுமொழி:

> பாலீர்ப்பு என்று வைத்துக்கொள்ளலாமா?

எனக்கென்னவோ பால் தேநீரை இழுத்து ஆற்றும் தே தாரிக் ஞாபகம்தான் வருகிறதம்மா. நாளிதழில் பழகிய ‘ஓரினச்சேர்க்கை’ இருக்கிறதே? தவிர, 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்திலேயே இது இல்லை. பாலினம் என்று ஒன்று இருக்கிறது, போதாதா?

மறுமொழி:

ஐயா, தே தாரிக்கை ஒப்புக்கொள்கிறேன். பாலைப் பிரித்து எழுதாமல் இருந்தால் தப்பிக்கலாம்.

‘சேர்க்கை’ ஒரு செயலின் பெயர். சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு தண்டித்ததும் செயலைத்தான், அதுவும் ஆண்களுக்கிடையில் மட்டும். 1938இல் வந்த அந்தப் பிரிவு 2023 ஜனவரி 3ஆம் தேதி போயிற்று. பாகுபாட்டுக்கு எதிரான விதி செயலைப் பற்றியதல்ல, ஆளின் இயல்பைப் பற்றியது. யாரோடும் சேராமல் தனியாக வாழ்கிறவரையும் ‘அவன் அப்படிப்பட்டவன்’ என்று சொல்லி வேலையிலிருந்து அனுப்பலாம். அங்கே சேர்க்கை ஏது? ஈர்ப்பு மட்டும்தான் இருக்கிறது. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புவதும் பாலீர்ப்புதான். ‘ஓரினச்சேர்க்கை’யை அதற்குச் சொல்ல முடியாது.

பாலினம் நான் யார் என்பது. பாலீர்ப்பு என் மனம் யாரிடம் போகிறது என்பது. நீங்கள் சொன்ன வேலையிட நியாயச் சட்டத்தின் பட்டியலில் பாலினம், திருமண நிலை, கர்ப்பம், மனநலம் வரை இருக்கின்றன; இது சேர்க்கப்படவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலும் சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம்தான். சட்டத்தில் இல்லை என்பது சரி. ஆனால் நிறுவனங்கள் தாங்களாகவே கையேட்டில் சேர்க்கின்றன, அதைத் தமிழில் படிக்க வேண்டியவர் இங்கே இருக்கிறார். சட்டம் வந்த பிறகு சொல் தேடினால் அவசரத்தில் ‘நாட்டம்’ ஒட்டிக்கொள்ளும்.

பாலின அடையாளத்துக்குத் தனி இழை தொடங்கலாம், அது வேறு சிக்கல்.

இப்போதைக்கு வரி இப்படி: “பாலீர்ப்பைக் காரணம் காட்டி யாருக்கும் வேலையோ பதவி உயர்வோ மறுக்கக்கூடாது.” வியாழக்கிழமை அதே வகுப்பில் வாசிக்கிறேன். பின்வரிசைத் தம்பி என்ன கேட்கிறார் என்று எழுதுகிறேன்.