இலவசமாக வெப்சைட் செய்து கொடுத்தவர்கள் வாருங்கள்: மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கயத்தாறு_காற்று

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் சபை தாங்குகிற ஒரு மிஷனரிக் குடும்பம் வடக்கே ஒரு மலைக்கிராமத்தில் இருந்தது. மாநிலம் சொல்லவில்லை, காரணம் கீழே. மாதாமாதம் அவர்களுடைய ஜெபக் குறிப்பு தபாலில் வரும். பாதி வீடுகளில் உறையே பிரிக்காமல் அலமாரி மேல் கிடக்கும். வெப்சைட்டாகப் போட்டால் நாலு பேர் வாசிப்பார்களே என்று நான்தான் முந்திக்கொண்டேன். அந்த மிஷனரி அண்ணன் கேட்கவே இல்லை. கையால் எழுதிய எச்.டி.எம்.எல், ஏழு பக்கம், ஒரு படத்தொகுப்பு. அவ்வளவுதான் வேலை.

வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய படங்கள் மங்கலாக இருந்தன. "அண்ணே, படமா அனுப்பாதீங்க, டாக்குமென்டா அனுப்புங்க, அப்பத்தான் தரம் குறையாது" என்றேன். படமாக அனுப்பினால், எடுத்த இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ் தகவலை வாட்ஸ்அப் உரித்துவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அது கூடவே போகும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் அன்றைக்குத் தோன்றவில்லை. தொகுப்பில் படத்தைத் தொட்டால் அசல் கோப்பே திறக்கும்படி வேறு வைத்திருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து, ராத்திரி பதினோரு மணிக்குப் போன். "தம்பி, டீக்கடையில ஒருத்தர் போனை நீட்டி, இது உங்க வீடுதானேன்னு கேட்டார். மேப்புல அந்தச் சிவப்புப் புள்ளி எங்க ஓட்டு மேலயே நிக்குது."

அவர் வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிற படம் அது. பக்கத்தில் பேர் இல்லை, ஊர் இல்லை. அப்படிப் போட்டதில் எனக்குப் பெருமை வேறு. மூன்று வாரத்தில் அவர்கள் வேறு பணித்தளத்துக்கு மாறிவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாதியில் போயிற்று. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் கேட்டது இது ஒன்றுதான்: "அந்தப் படம் நல்லா இருக்கு. அழிக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு பிரிண்ட் போட்டு வைக்கிறியா?"

பழைய_சர்வர்

ஐயோ. என்னுடையதில் யாருக்கும் ஆபத்தில்லை, வெறும் மானக்கேடு.

ஒரு சிறிய சபைக்குச் செய்தேன். டாட் ஆர்க் (.org) இணையப் பெயரை அப்போது வேலை பார்த்த கம்பெனியின் மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்தேன். சோம்பல், வேறென்ன. வேலை மாறினேன். காலாவதி ஆகப்போகிறது என்று வந்த கடிதங்களெல்லாம் செத்துப்போன பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. காலாவதிக்குப் பிறகும் சில வாரம் பழைய விலையிலேயே புதுப்பிக்கலாம், அப்புறம் 30 நாள் அபராதம் கட்டி மீட்கலாம், அதற்கும் பிறகு 5 நாள் மீட்க முடியாமல் கிடந்து பெயர் விடுபட்டுவிடும். அத்தனையும் தாண்டிப் போயிருக்கிறது. யாரோ வாங்கிவிட்டார்கள்.

ஞாயிறு ஆராதனையில் போதகர் அறிவிப்பு வாசிக்கிறார்: "கன்வென்ஷன் நிகழ்ச்சி நிரல் நம் வெப்சைட்டில் இருக்கிறது, வாலிபர்கள் இப்போதே போனில் பார்த்துக்கொள்ளலாம்." பார்த்தார்கள். ரம்மி. முதல் 2,000 ரூபாய் போனஸ். முன் வரிசையில் இருந்த என் அம்மா சரியாகத் தெரியாமல் போனை என் பக்கம் திருப்பி, "இது என்னடா, சீட்டுக்கட்டு போட்டிருக்கே?" என்று கேட்டது மூன்று வரிசைக்குக் கேட்டது.

மூன்றாம்_குறுக்குத்தெரு

முதலில் என் கதை. திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்துக்கு அன்னதானம் செய்கிற ஒரு சின்ன டிரஸ்ட். முகப்பில் அண்ணாமலையார் படம், பக்கத்தில் தலைவர் படம். தலைவர் ஸ்கேலை எடுத்து என் லேப்டாப் திரையில் வைத்து அளந்தார். தன் படம் ஒரு சென்டிமீட்டர் சின்னதாக இருக்கிறதாம். பெரிதாக்கினேன். இப்போதும் அந்தத் தளத்தில் சாமியைவிட அவர்தான் பெரியவர். முடிந்தது.

இனி கயத்தாறு நண்பருக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள். மறைந்திருந்து செய்ய வேண்டிய வேலைக்கு வெப்சைட் எதற்கு? ஒடிசாவில் 1967-இலேயே மதமாற்றத் தடைச் சட்டம் வந்துவிட்டது, மத்தியப் பிரதேசத்தில் 1968. அதெல்லாம் தெரிந்துதானே போகிறார்கள்? வெளிப்படையாகச் செய்கிற வேலை என்றால் மேப்பில் புள்ளி இருந்தால் என்ன? நீங்கள் படத்தில் செய்த பிழையை மட்டும் பேசுகிறீர்கள். ஊர்க்காரர்களிடம் ஒன்று, தாங்குகிறவர்களிடம் ஒன்று என்று இரண்டு விதமாகப் பேசுவதுதான் என்னைப் பொறுத்தவரை சிக்கல். அந்த டீக்கடைக்காரர் பக்கமும் ஒரு கதை இருக்கும். இலவசமாகச் செய்கிறோம் என்பதற்காக யாருக்குச் செய்கிறோம் என்று கேட்காமல் இருக்க முடியுமா? நான் இப்போதெல்லாம் யார் கேட்டாலும் முதலில் டிரஸ்ட் பத்திரத்தையும் கடைசி மூன்று வருட வரவு செலவையும் கேட்டுவிடுகிறேன். கோயிலோ சர்ச்சோ மசூதியோ, எல்லாருக்கும் அதே கேள்வி.

பழைய_சர்வர்

சட்டம் கட்டாய மதமாற்றத்துக்குத்தானே, வீட்டு வாசலில் கீரை ஆய்வதற்கில்லையே? புள்ளி இருந்தால் என்ன என்கிறீர்கள். உங்கள் வீட்டுப் புள்ளியை இங்கே போடுங்கள் பார்க்கலாம். ஸ்கேல் கதை மட்டும் அருமை.

ஸ்காபரோ_சித்தப்பா

சண்டையை விடுங்கோ. நான் இலங்கையிலே ஊரில் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம், இங்கே கனடாவில் பதிந்தது. இணையத்தளமும் நன்கொடைப் பக்கமும் நான்தான் செய்தேன். குறைந்த தொகை என்று ஒன்றும் வைக்கவில்லை. ஒரு டொலர் என்றாலும் குடுக்கட்டுமே என்ற நல்லெண்ணம்.

ஒரு நாள் விடிய ஐந்தரைக்குப் பொருளாளர் அண்ணை போன். "தம்பி எழும்பு! ஒரு ராத்திரியிலை அறுநூறு பேர் காசு போட்டிருக்கினம்! சனம் எங்களை மறக்கேல்லையடா!" அழுகிறார் மனிசன். நான் எழும்பிப் பார்த்தால் எல்லாம் ஒரு டொலர். பேர்கள் எல்லாம் கண்டபடி. நொடிக்கு இரண்டு. திருட்டு அட்டைகளை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற கூட்டம். இப்படிப்பட்ட சின்னச் சங்கங்களின் பக்கம்தான் அவங்களுக்கு வசதி, ஒரு டொலர் போனதை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

பணத்தைத் திருப்பினோம், அட்டைக்காரர்கள் முறைப்பாடு செய்ததற்கெல்லாம் தனிக் கட்டணம் கட்டினோம், கணக்கு இரண்டு கிழமை முடங்கியது. அதெல்லாம் போகட்டும். அண்ணை என்னை எழுப்பும் முன்னமே ஊருக்குப் போன் அடித்துப் பள்ளிக்கூட அதிபரிடம், கணினி அறைக்குக் கூரை போடலாம் என்று சொல்லிவிட்டார். அதிபர் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் கை தட்டினார்களாம். திரும்ப அடித்துச் சொன்னது நான். அந்தப் பக்கம் அதிபர் "ஓம்... ஓம்... விளங்குது" என்ற குரல் இருக்கே.

கணக்குப்பிள்ளை

ஸ்காபரோ ஐயா, உங்கள் கதை வருத்தமாக இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுப் பணம் என்றால் நீங்கள் எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு.

எஃப்.சி.ஆர்.ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத டிரஸ்ட் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. 2010 சட்டம். 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் வந்து விழ வேண்டிய இடம் டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கு மட்டும்தான். கன்னியாகுமரியில் டிரஸ்ட் இருந்தாலும் டெல்லிதான். வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. துபாயில் இருக்கிற நம் பையன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அதே பையன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால் வரும். இதைத் தெரியாமல் வடிவமைப்பாளர்கள் அழகாக இருக்கிறதே என்று டாலர் பொத்தானை வைத்துவிடுகிறார்கள். மாட்டுவது செயலாளர்.

அடுத்து 80ஜி என்று சொல்லிப் பழகிய நன்கொடை வரி விலக்கு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு கிடையாது, அதை நன்கொடைப் பக்கத்திலேயே எழுதுங்கள். கொடுப்பவரின் பான் எண்ணைப் படிவத்திலேயே வாங்குங்கள். வருட முடிவில் நன்கொடை விவரம் தாக்கல் செய்து சான்றிதழ் கொடுக்க அது வேண்டும். இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு மனுப் போடும் முன் தனியுரிமை, பணம் திருப்பும் விதி, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் தளத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

என் அனுபவம்: ஒரு முதியோர் இல்லத்துக்கு இதையெல்லாம் அச்சிட்டுக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அந்தத் தாளில் வடை கட்டிக் கொடுத்தார்கள்.

ஸ்காபரோ_சித்தப்பா

நான் கனடா என்றும் பள்ளிக்கூடம் இலங்கையிலே என்றும் எழுதினேனா இல்லையா? வடை எப்படி, நல்லதோ?

பெயர்_வேண்டாம்

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கல்லூரி முடித்த புதிதில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குத் தளம் செய்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். படம், பெயர், வகுப்பு, கீழே நாலு வரி: அப்பா எப்படிச் செத்தார், அம்மா எங்கே போனார். அப்படிப் போட்டால்தான் ஸ்பான்சர் கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது, பொய்யில்லை. வாக்கியங்களை உருக்கமாக மாற்றி எழுதிக் கொடுத்ததும் நான்தான். எல்லாப் பக்கத்தின் அடியிலும் 'வடிவமைப்பு' என்று என் பெயரும் மின்னஞ்சலும்.

ஒன்பது வருடம் கழித்து ஒரு மெயில். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். "அண்ணா, என் பேரை கூகுளில் போட்டால் உங்கள் பக்கம் வருகிறது. ஹாஸ்டலில் எல்லாரும் வாசித்துவிட்டார்கள். எங்க அப்பா குடித்துச் சாகவில்லை, லாரி மோதி இறந்தார். முடிந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதையாவது திருத்துங்கள்."

நீக்க நாலு நிமிடம் ஆனது. அந்தப் பக்கம் மட்டுமில்லை, 62 பக்கங்கள். கூகுள் படத் தேடலிலிருந்து மறைய மேலும் சில வாரம். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74, இப்படி அடையாளம் வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும் கூட விதிக்கலாம் என்பதெல்லாம் நான் பிறகு படித்தது. அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். குடித்துச் செத்தார் என்று இல்லத்தில் சொன்னார்களா, அந்த வரி நானாகச் சேர்த்த உருக்கமா என்று எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. "நீக்கிவிட்டேன், மன்னிக்கவும்" என்று மட்டும் அனுப்பினேன். பதில் இல்லை.

மூன்றாம்_குறுக்குத்தெரு

பெயர் வேண்டாம் அவர்களே, உங்களிடம் வாதம் செய்ய எனக்கு ஒன்றுமில்லை.

நூல்கட்டு

கொஞ்சம் லேசான ஒன்று சொல்லலாமா?

ஒரு பழைய ஊழியப் பத்திரிகையின் 12 வருட இதழ்களை இணையத்தில் ஏற்றித் தரச் சொன்னார்கள். எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தது, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிற பழைய முறை. யூனிகோடு என்ற பொது முறைக்கு மாற்றாமல் அப்படியே ஏற்றினால் எப்படி இருக்கும் என்று இந்தக் கூட்டத்துக்குத் தெரியும்: ஆங்கில எழுத்தும், புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளியும். ஆசிரியர் எழுபது தாண்டியவர். "ஐயா, பாருங்க, இப்படித்தான் தெரியும், அதனால மாத்தணும்" என்று திரையைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தக் குப்பையை, வரி வரியாக, நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். ஒரு தடங்கல் இல்லை. விரல்கள் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. இருபது வருடம் அதே சாவிகளை அடித்தவருக்கு எழுத்துரு எதற்கு? முடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்றார். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்து 300 வருடத்துக்கு மேல் ஆகிறது, இந்த எழுத்துச் சிக்கல் நம்மை விடவே மாட்டேன் என்கிறது. மாற்றி முடிக்க எனக்கு எட்டு மாதம். அவர் முதல் இதழைத்தான் பார்த்தார்.

கணக்குப்பிள்ளை

பாமினி மாற்றும்போது கொம்பு இடம் மாறும், கவனம். கொம்பு முன்னால் நிற்கும் சொற்களைத் தனியாக ஒருமுறை சரிபார்க்க வேண்டும். என்.எச்.எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஓரளவு நன்றாகச் செய்யும். ஆனால் ஆங்கிலச் சொற்கள் கலந்த பத்தி என்றால் அவையும் தமிழாகிக் குழம்பும், முதலிலேயே பிரித்து வைத்துவிட

கணக்குப்பிள்ளை

பாதியில் அனுப்பிவிட்டேன். பிறகு எழுதுகிறேன்.

பழைய_சர்வர்

@கயத்தாறு_காற்று, அந்த பிரிண்ட் கொடுத்தீர்களா?

கயத்தாறு_காற்று

மூன்றாம் குறுக்குத்தெருவுக்கு: அவர் அங்கே என்ன செய்தார் என்று நீங்கள் கேட்டிருக்கலாம். ராத்திரிப் பள்ளி, அப்புறம் காசநோய் மாத்திரை வாங்க ஆட்களைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு மலையிறக்கிக் கூட்டிப்போவது. ஜெபக் கூட்டமும் நடத்தினார், அதையும் யாரிடமும் மறைக்கவில்லை. வெப்சைட் வேண்டும் என்றது நான்.

பிரிண்ட் போட்டுவிட்டேன், சர்வர். எட்டுக்குப் பன்னிரண்டு, மேட் தாளில். கீரைக் காம்புகூடத் துல்லியமாகத் தெரிகிறது. ஒரு வருடமாக மேஜை டிராயரில் இருக்கிறது. எங்கே அனுப்ப என்று கேட்க வேண்டும். இப்போதும் வாரம் ஒருமுறை பேசுகிறோம், பிள்ளைகள் மார்க்கு முதல் எல்லாம் சொல்கிறார். முகவரி கேட்கத்தான் வாய் வரவில்லை.