இட்லிப் பொடிக்கு ஒரு வரி வேண்டும், உதவுங்கள்

வணக்கம். அம்மா அரைக்கும் இட்லிப் பொடியைப் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கியிருக்கிறோம். பாக்கெட்டின் மேல் அச்சடிக்க ஒரு வரி வேண்டும். ஒரு வாரமாக மண்டையைக் குடைந்தும் 'தரமான சுவை, நியாயமான விலை' என்பதைத் தாண்டவில்லை. அதை ஊறுகாய், அப்பளம் என்று எதன் மேல் ஒட்டினாலும் பொருந்தும், அதுதான் சிக்கல்.

நரசுஸ் காபியின் 'பேஷ் பேஷ், ரொம்ப நன்னாயிருக்கு' இன்றும் தானாக வாயில் வருகிறது. யோசித்துப் பார்த்தால் அதில் விலை, தரம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. காபியைக் குடித்தவர் வீட்டில் பேசுவது போலவே இருக்கிறது. 'பேஷ்' இரண்டு முறை வருவதால் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. நைக்கி 1988இல் கொண்டுவந்த 'ஜஸ்ட் டூ இட்' மூன்றே சொல், அதில் ஷூவே கிடையாது! ஆனால் பேர் தெரியாத எங்களுக்கு அது சரிப்படுமா? இட்லி என்ற சொல்லாவது வர வேண்டும் என்று தோன்றுகிறது.

இப்போதைக்குக் கையில் இருப்பவை: 'எண்ணெய் ஊத்து, இன்னொரு இட்லி போடு', அப்புறம் 'தொட்டா விடாது'. இரண்டாவது பசை விளம்பரம் மாதிரி இருக்கிறது என்கிறாள் தங்கை. எது பரவாயில்லை? ஐந்து சொல்லுக்குள் வேறு தோன்றினாலும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.