தலைப்பிரசவத்துக்காக ஆக்லாந்து செல்கிறோம்: நெடும்பயணத்துக்கும் முதல் நாளுக்கும் ஆலோசனை தேவை

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் வரும் ஜூலை மாதம் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ள மகள் வீட்டுக்குப் புறப்படுகிறோம். மகளுக்கு இது தலைப்பிரசவம். எனக்கு வயது 67, மனைவிக்கு 62. காசிக்கு ரயிலில் போய் வந்ததுதான் நாங்கள் மேற்கொண்ட பெரிய பயணம். விமானத்தில் ஏறுவதே இதுதான் முதல் முறை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சென்று, அங்கே சில மணி நேரம் காத்திருந்து, இரவு விமானத்தில் ஆக்லாந்து செல்லுமாறு மருமகன் டிக்கெட் எடுத்திருக்கிறார். மறுநாள் முற்பகலில் போய் இறங்குவோம்.

என் மனைவிக்குப் பெரிய கவலை பிரசவ லேகியத்தைப் பற்றியது. வீட்டிலேயே கிண்டி, நெய்யும் தேனும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும் என்று நினைக்கிறாள். சுக்கு, திப்பிலி, ஓமம், பூண்டு, கறிவேப்பிலை என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரைகளை எந்த ஊர் நேரப்படி சாப்பிடுவது என்று புரியவில்லை. அவளுக்கு முழங்கால் வலி இருப்பதால் அதிக தூரம் நடக்க முடியாது. முதல் நாளே மகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்பதுதான் எங்கள் இருவரின் எண்ணமும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

தென்கடல்

வணக்கம் ஐயா. நான் ஆக்லாந்தில் குடியிருக்கிறேன். லேகியத்தை அங்கிருந்து கொண்டு வர வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தேனும் தேன் கலந்த பண்டங்களும் இந்நாட்டுக்குள் வரவே கூடாது. இங்குள்ள தேனீக்களுக்கு வெளிநாட்டு நோய் எதுவும் தொற்றிவிடக் கூடாது என்பதில் மிகுந்த கண்டிப்புடன் இருக்கிறார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பூண்டு, பழம், காய், விதைப்பதற்கான விதைகள் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். இவை எல்லாமே இங்குள்ள கடைகளில் கிடைக்கும். சுக்கையும் திப்பிலியையும் கடையில் அரைத்து, மூடி முத்திரையிட்ட பொட்டலங்களாக வாங்கி வாருங்கள். லேகியத்தை மகள் வீட்டு அடுப்பிலேயே, இவ்வூர்த் தேனையும் வெண்ணெயை உருக்கிய நெய்யையும் சேர்த்து அம்மா கிண்டிக்கொள்ளலாம்.

பயணத்துக்கு முந்தைய 24 மணி நேரத்தில் இணையத்தில் ஒரு பயண அறிவிப்பைப் பூர்த்தி செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, உங்களுக்காக மகளே பூர்த்தி செய்து அனுப்பலாம். அதில் உணவு, தாவரப் பொருள், மருந்து, மண்பட்ட காலணி ஆகியவை உண்டா என்று கேட்பார்கள். பெட்டியில் ஒரு கைப்பிடி மிளகு இருந்தாலும் ‘உண்டு’ என்றே குறிக்கச் சொல்லுங்கள். அறிவித்த பொருளை அதிகாரி பார்த்துவிட்டு அனுமதிப்பார்; அனுமதிக்க முடியாததை எடுத்துக்கொள்வார், அத்துடன் முடிந்தது. அறிவிக்காத பொருள் அகப்பட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். விமானத்தில் கொடுத்த ஓர் ஆப்பிளைக் கைப்பையில் மறந்து வைத்திருந்தவர்கள்கூட இந்த அபராதத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். 2025 ஜனவரியில் இந்நகரின் பாப்பாடோடோ பகுதியில், வீட்டுத் தோட்டம் ஒன்றில் வைத்திருந்த பொறியில் ஒரே ஒரு பழ ஈ சிக்கியது. அந்த ஓர் ஈக்காக அவ்வட்டாரத்திலிருந்து பழங்களையும் காய்களையும் வெளியே எடுத்துச் செல்லத் தடை விதித்து, தெருத்தெருவாகச் சோதனை நடத்தினார்கள். விளைச்சலை ஏற்றுமதி செய்து வாழும் நாடு இது. விவசாயம் தெரிந்த தஞ்சைப் பக்கத்தவர்களுக்கு இந்த அச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மன்னார்குடி அம்மாள்

இதை உங்கள் வீட்டு அம்மாவும் சேர்ந்து படிக்கட்டும். நானும் என் கணவரும் இதே வழியில், பேத்தி பிறந்த சமயத்தில் போய் வந்தவர்கள்.

முதலில் வீல்சேரைப் பற்றிச் சொல்கிறேன். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். டிக்கெட்டிலேயே மருமகனைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. சாங்கி விமான நிலையம் மிகப் பெரியது. ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டுநர் இல்லாத சிறு ரயிலில் செல்ல வேண்டும். முழங்கால் வலியோடு அந்த நீண்ட கூடங்களை நடந்து கடப்பது பெரும்பாடு. ஆக்லாந்தில் வீல்சேர் தள்ளி வந்த பெண், சோதனைச் சாவடியிலும் இமிகிரேஷனிலும் எங்களுடனேயே நின்று, மகள் கண்ணில் படும்வரை விட்டுப் போகவில்லை. மொழி தெரியாத இடத்தில் நம் பக்கம் ஓர் ஆள் நிற்பது எவ்வளவு தெம்பு என்பது அப்போதுதான் தெரியும்.

சிங்கப்பூரில் ஊருக்குள் போகாமல் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தால் விசா தேவையில்லை. ஆனால் எக்காரணத்தாலாவது டிக்கெட்டை ஆஸ்திரேலியா வழியாக மாற்ற நேர்ந்தால் எச்சரிக்கையாக இருங்கள்; இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் அங்கே விமானம் மாறுவதற்கே தனி விசா பெற்றிருக்க வேண்டும். சாங்கியில் பல முனையங்களில் கைப்பைச் சோதனையை விமானம் ஏறும் வாயிலில்தான் நடத்துகிறார்கள். அதனால் அங்கே பிடித்து வைக்கும் தண்ணீரை உள்ளே நுழையும் முன் குடித்துவிட வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து ஆக்லாந்துக்கு ஏறக்குறைய பத்து மணி நேரம். விளக்கை அணைத்த பிறகு இருவரும் முறை வைத்து எழுந்து நடந்தோம். ஓரத்து இருக்கை கிடைத்தால் அது எளிது. கால் வீக்கத்துக்கு அதுதான் மருந்து. இறங்கியதும் மாவோரி மக்களின் மரச்செதுக்கு வாயில் ஒன்றைக் கடந்து உள்ளே போவீர்கள். நம் ஊர்த் தேர்ச் சிற்பத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகவே தோன்றவில்லை. என் கணவர் நின்று நின்று பார்த்தார். பிறகு பெட்டிகளை எடுக்கும் இடத்தில் சிறிய நாய்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். ஒன்று எங்கள் கைப்பையின் அருகே வந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது. அதிகாரி பையைத் திறந்து பார்த்துவிட்டு, முன்பு அதில் பழம் வைத்திருந்தீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஊரில் அந்தப் பையில் வாழைப்பழம் வாங்கிய வாசனை துணியில் தங்கியிருக்கிறது. ஆகவே புதுப் பையாக எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நன்றாகத் துவைத்துவிடுங்கள்.

ஜூலை அங்கே நடுக்குளிர் காலம். பெட்டியில் இருக்கும் ஸ்வெட்டர் விமான நிலைய வாசலில் உதவாது. அது கையில் இருக்க வேண்டும். வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை, வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகமாகக் குளிர்வது போல இருக்கும். காலுறை இல்லாமல் தரையில் கால் வைக்க முடியாது. மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு ஒன்றைப் படுக்கையில் போட்டு வைக்குமாறு மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். முழங்காலுக்கு அது பேருதவி. இன்னொன்று, நண்பகலில் சூரியன் அங்கே வடக்குப் பக்கமாக நிற்கும். வெயில் காய வேண்டுமென்றால் வடக்கு ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துப்பெட்டி

மருந்தாளராகப் பணிபுரிகிறேன், மாத்திரை பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மூன்று மாதங்களுக்குத் தேவையான மாத்திரைகள் வரை, கடை அட்டையைப் பிரிக்காமல், ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவரின் சீட்டுடன் எடுத்துச் செல்லலாம். அனைத்தும் கைப்பையில் இருக்கட்டும், அறிவிப்பிலும் குறிப்பிடுங்கள்.

ஜூலையில் ஆக்லாந்து நேரம் நமக்கு ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கிழக்கு நோக்கிப் போவதால் உங்கள் பயண நாள் சுருங்குகிறது. ஆகவே மாத்திரைகளுக்கு இடையிலான இடைவெளியும் சுருங்கும். அதற்காக இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்குவது அரிது. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் கதை வேறு. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் தூங்கிவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகே அந்த மாத்திரையைத் தொடுங்கள். புறப்படும் முன் விமான நேரங்களைத் தாளில் எழுதி உங்கள் மருத்துவரிடம் காட்டி, ஒவ்வொரு வேளைக்கும் எதிரே மாத்திரையின் பெயரைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். பையில் குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும்.

முதல் நாள் தூக்கமும் இதனுடன் தொடர்புடையதே. முற்பகல் 11 மணிக்கு நீங்கள் இறங்கும்போது உடம்புக்கு அது விடியற்காலை நாலரை மணி. கண் தானாகச் சொருகும். அப்போது படுத்து மாலைவரை தூங்கினால், அங்கே இரவு 9 மணியாகும்போது உடம்புக்குப் பிற்பகல் இரண்டரைதான் ஆகியிருக்கும், இரவு முழுவதும் விழித்துக் கிடப்பீர்கள். அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் போதும். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்து பகல் வெளிச்சத்தில் இருங்கள். குளிர்காலத்தில் ஐந்தரை மணிக்குள் இருட்டிவிடும் என்பதால் நடையைப் பிற்பகலிலேயே முடித்துவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். முழுதாகப் பழக ஒரு வாரம் ஆகலாம்.

காவிரிக்கரை

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. லேகியத்தை அங்கேயே கிண்டுவது என்று என் மனைவி சம்மதித்துவிட்டாள்; மருத்துவரிடம் நாளை போகிறேன். ஒரே ஓர் ஐயம் பாக்கி இருக்கிறது. நாங்கள் இறங்கும் நேரத்தில் மகளுக்கு வலி எடுத்து, மருமகன் மருத்துவமனையில் இருந்துவிட்டால் என்ன செய்வது?

தென்கடல்

வருகைக் கூடத்தில் இலவச வைஃபை உண்டு, ஐயா. சிம் இல்லாமலேயே வாட்ஸாப்பில் அழைக்கலாம். அந்த வைஃபையில் இணைவது எப்படி என்று ஊரிலேயே யாரிடமாவது பழகிக்கொள்ளுங்கள். மகள் வீட்டு முகவரியையும் மருமகனின் எண்ணையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இரண்டு தாள்களில் எழுதி, ஆளுக்கொன்றாகச் சட்டைப்பையிலும் கைப்பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே டாக்சி வரிசை இருக்கிறது, தாளைக் காட்டினால் போதும். ஏறும் முன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் யாரிடம் கேட்பது என்பதையும் மகளிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். பயணத் தேதி முடிவானதும் தனிச்செய்தியில் தெரிவியுங்கள். அன்று எனக்கு வேலை இல்லாவிட்டால் நானே விமான நிலையத்துக்கு வருகிறேன்.