குளிர்காலத்தில் கேஸை வெட்ட முடியாதாமே? (பிரிட்டன்)

ஹரோ_வாசி: வாட்ஸ்அப்பில் வந்தது: "பில் கட்டாவிட்டாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை பிரிட்டனில் யார் வீட்டு கேஸையும் வெட்ட முடியாது. இது சட்டம்." நல்ல தகவல், நாலு பேருக்கு அனுப்புங்க.

மீட்டர்க்காரன்: எந்தப் புண்ணியவான் எழுதினதோ! "யார் வீட்டு" எண்டு எங்க கிடக்கு? ஆஃப்ஜெம் (கேஸ், கரண்ட் கம்பெனிகளைக் கட்டுப்படுத்திற அரச அமைப்பு) அந்தக் கம்பெனிகளுக்குப் போட்ட உரிம விதியில அந்த ஆறு மாசத் தடை ஓய்வூதிய வயசுக்காரர் தனிய இருந்தால்தான். இல்லாட்டி அதே வயசுக்காரரோட, 18க்குக் கீழான பிள்ளையளோட மட்டும் இருக்கோணும். உழைக்கிற மகன் ஒருத்தன் வீட்டில இருந்தால் அம்மம்மாவுக்கு அந்தத் தடை இல்லை. எங்கட வீடுகள் கனக்க அப்பிடித்தானே.

சட்டத்தரணி_அல்ல: அரைகுறை வாசிப்பு. அடுத்த பத்தியையும் படியுங்கள். முதியவரோ மாற்றுத்திறனாளியோ நாட்பட்ட நோயாளியோ இருக்கும் வீட்டைக் குளிர்காலத்தில் துண்டிக்காமலிருக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுத்தாக வேண்டும். மகன் இருந்தாலும்.

மீட்டர்க்காரன்: "முயற்சி எடுக்கோணும்" வேற, "வெட்டக் கூடாது" வேற. மகன் இருந்தால் தடை இல்லை. உங்கட பேர் பொருத்தம்.

சட்டத்தரணி_அல்ல: பெரிய கம்பெனிகள் நலிந்த நிலையில் இருப்பவர்களை எந்த மாதத்திலும் தெரிந்தே துண்டிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன.

மீட்டர்க்காரன்: "தெரிந்தே"! பில் மகன்ர பேரில. முதியோர், நோயாளர் இருக்கிற வீடுகளைக் கம்பெனி குறிச்சு வைக்கிற முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில பேர் குடுக்கேல்லை. அம்மம்மா எண்டு ஒரு சீவன் இருக்கிறது காஸ் கம்பெனிக்கு எப்பிடித் தெரியும்?

பூண்டுரசம்: மகன் மகன்னு ஏன் சார் உயிரை வாங்கறீங்க? இப்ப யாரு வந்து வெட்டறா? ப்ரீபே மீட்டர் மாட்டிடுவான், காசு தீர்ந்தா தானா நிக்கும். அது கணக்குல "துண்டிப்பு" கிடையாது. கோடையில மீட்டரைக் காலியா விட்டுப் பாருங்க. ஒரு யூனிட்கூட எரிக்கலைன்னாலும் நிலைக்கட்டணம் ஏறும். நாளைக்கு 30 பென்ஸ்னு வெச்சாலும் 180 நாளைக்கு 54 பவுண்டு. அக்டோபர்ல 20 பவுண்டு போட்டா அதை முழுங்கிட்டு இன்னும் மைனஸ்லயே நிக்கும். அவசரக் கடன், பழைய பாக்கிக்கு வாராவாரம் பிடிக்கிறது எல்லாம் தனி.

சட்டத்தரணி_அல்ல: சும்மா மாட்டிவிட முடியாது. ப்ரீபே மீட்டருக்குக் கட்டாயமாக மாற்றுவது 2023 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. பிறகு வந்த விதிப்படி 10 தடவை தொடர்புகொள்ள முயல வேண்டும், நேரில் வந்து நிலைமையைப் பார்க்க வேண்டும், மாட்டினால் 30 பவுண்டு இருப்பு வைத்துவிட்டுப் போக வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தாலோ, துணையில்லாத 75 கடந்தவர் இருந்தாலோ மாட்டவே கூடாது.

மீட்டர்க்காரன்: பாத்தீங்களோ, "துணையில்லாத". திரும்பவும் மகன்!

பூண்டுரசம்: 🤦 உருப்படியா ஒண்ணு. ஸ்மார்ட் மீட்டர்ல காசு தீர்ந்து நின்னுட்டா, டாப்அப் பண்ணாலும் வால்வு தானா திறக்காது. அடுப்புத் திருகு எல்லாம் மூடியிருக்கான்னு பாத்துட்டு மீட்டர்ல பட்டனை அமுக்கணும். அதைச் செய்யாம, வேலண்ட் கம்பெனி பாய்லர்ல எஃப்28ன்னு கோளாறு எண் காட்டுதுன்னு இன்ஜினியரைக் கூப்பிட்டு தண்டம் அழறாங்க. எஃப்28ன்னா பத்தலைன்னு அர்த்தம். கேஸே வரலைன்னா எப்படிப் பத்தும்?

டொரோண்டோ_சிவா: எங்கட ஒன்ராறியோவில நவம்பர் 15 தொடக்கம் ஏப்ரல் 30 வரை வயசு பாக்காமல் எல்லா வீட்டுக்கும் தடை.

பூண்டுரசம்: அது கரண்டுக்கு. தலைப்பைப் படிங்க.

டொரோண்டோ_சிவா: கரண்ட் இல்லாட்டி வீட்டைச் சூடாக்கிற காஸ் ஃபர்னஸ் ஊதாது தம்பி.

பூண்டுரசம்: தம்பியா? போன மாசம் பாய்லர் திரியில பதில் சொல்ல முடியாம ஓடினது யாரு?

டொரோண்டோ_சிவா: ஓடேல்லை. வேலைக்குப் போனனான்.

சட்டத்தரணி_அல்ல: பாக்கிக்காக வீட்டுத் தண்ணீரை நிறுத்த 1999 முதலே இங்கே தடை. மகன் இருக்கிறானா என்று கேட்பதில்லை. கேஸுக்கும் அப்படி இருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

மீட்டர்க்காரன்: இருந்தால்! இல்லையே. அதைத்தானே காலமை தொடக்கம் கத்துறன்.

சட்டத்தரணி_அல்ல: நீங்கள் கத்துவது மகனைப் பற்றி. கடன் ஆலோசகர் மூலம் 60 நாள் அவகாசம் வாங்கலாம், அந்த நாள்களில் வசூல் நடவடிக்கை எடுக்க முடியாது. அதைச் சொன்னீர்களா?

மீட்டர்க்காரன்: கேக்கேல்லை, சொல்லேல்லை. 61ஆம் நாள் மகன் வீட்டை விட்டுப் போயிடுவானோ?

ஹரோ_வாசி: அப்ப அந்த ஃபார்வர்டை அழிக்கவா, விடவா?

மீட்டர்க்காரன்: "யார் வீட்டு" எண்டதை மட்டும் அழியுங்கோ.

பூண்டுரசம்: முழுசா அழிங்க.

சட்டத்தரணி_அல்ல: அழிக்காதீர்கள். திருத்தி அனுப்புங்கள், வாசகம் நான் தருகிறேன்.

மீட்டர்க்காரன்: அதில மகனைப் போடுவீங்களோ?